சின்னாருக்கு மேலே

— இருங்க, கதவெத் தெறந்துராதீங்க. எது எது எங்க இருக்குதுன்னு மொதல்ல கண்ணாடி வழியா நாம் பாத்துக்கறேன். அப்பறம் எறக்கலாம்.

— சரிங்கம்மா. நான் ஒண்ணையும் நகட்டல. அன்னைக்கு இருந்தது இருந்தபடியே ஓட்டியாந்திருக்கேன். பத்து நாளும் எஸ்டேட் ஷெட்டுலதான் நின்னுச்சு. சாவியக்கூட நான் யார்ட்டயும் குடுக்கல.

— நீங்கதானுங்களே அன்னிக்கு வெடியால நேரத்துல ஊட்டு வாசல்ல வந்து நின்னது? மூணாத்துல இருந்து வர்றேன், தண்ணிக்குள்ள எறங்கற சென்னியப்பன் ஊடு இதானான்னு கேட்டீங்க. பாறைக்குழிக்கு நாந்தான் வழி சொல்லி உட்டேன்.

— நாந்தாம்மா. அழகுமலைன்னு பேரு. எஸ்டேட்டுல லாரி ஓட்டுதேன்.

— எங்கூட்டுக்காரரெக் கொண்டாந்த வேன்ல நீங்களும் வருவீங்கன்னு பாத்தேன். கடைசீல கூட இருந்தவரு நீங்க ஒருத்தருதான். வந்தவிங்க ஆரும் கண்ணுல பாத்தவிங்க இல்லெ. ஆளுக்கொண்ணு சொல்லீட்டுப் போயிட்டாங்க.

— வாரதுக்குக் கால் வரலம்மா. ஆசுபத்திரியில மாரடைப்புன்னு எழுதுனாக. உங்க மச்சாண்டாரு வந்தாகல்ல, அவுக, கார்ல வெச்சிருந்த சிலிண்டர் கசிஞ்சு கேஸ் அடிச்சுத்தான் தம்பி போயிட்டான்னு எல்லார் முன்னாலயும் சொன்னாக. சாமான வண்டியில அடுக்குனது நானும்தான். அத நெனச்சுத்தான் அந்த வேன்ல ஏறல.

— அது கேஸ் இல்லீங்க. காத்து. இப்ப நீங்களும் நானும் இழுத்து உடறமே, இதே காத்துத்தான். கொச்சியில மிசுனு வெச்சு அமுக்கி அடெச்சுக் குடுப்பாங்க. கசிஞ்சா வண்டிக்குள்ள காத்து எச்சாகும், அவ்வளவுதான். மச்சாண்டாருக்கு இந்தச் சாமானத்தெக் கண்டாலே ஆகாது. நேவியில இருந்து வந்தவன் காடு தோட்டத்தெப் பாக்காம ஏலத்துல சிலிண்டர் எடுத்துட்டு வந்தான்னு அன்னீல இருந்தே கோவம். அதெ உடுங்க. நீங்க எப்பிடி அடுக்குனீங்கன்னு சொல்லுங்க. பாறைக்குழியில இருந்து சொல்லுங்க. எப்பவும் மேல நின்னு கவுத்தெப் புடிக்கறது நாந்தான். அந்த ரெண்டு நாளும் பாப்பாளுக்குக் காச்சல், போக முடியலெ.

— நான் போறப்ப அவுக தண்ணிக்குள்ள இருந்தாக. லாரி விழுந்த எடத்துல கம்பி வடத்த மாட்டிக்கிட்டு இருக்காருன்னு மேல நின்னவுக சொன்னாக. தொண்ணூறு அடி ஆழம்னு சொல்லிக்கிட்டாக. எட்டிப் பாத்தேன், கொமுளிதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. பத்தரை மணி வாக்குல மேல வந்தாக. ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போயி, பாறையில உக்காந்து ரெண்டு டம்ளர் சாயா குடிச்சுட்டுத்தான் என்னைய நிமுந்து பாத்தாக. நான் விசயத்தச் சொன்னேன். மாட்டுப்பட்டி ஏரியில, அக்கரையில புல்லறுத்துட்டு வந்த பொம்பளைக மூணு பேரு வந்த வள்ளம் கவுந்துபோச்சு, ரெண்டு பேரு தப்பிச்சுக் கரையேறிட்டாக, பதினேழு வயசுப் புள்ள ஒண்ணு வரல, நாலு நாளாத் தேடுதோம்னு சொன்னேன். ஏரிக்குள்ள பழைய மரத்துத் தூரெல்லாம் அப்பிடியே நிக்குது, அதுல எங்கயோ சிக்கிக் கெடக்கணும்னேன். அவுக வேற ஒண்ணும் கேக்கல. புள்ளைக்கு என்ன வயசுன்னு சொன்னேன்னு மட்டும் இன்னொருக்காக் கேட்டாக.

— அவரு அப்பிடித்தான்.

— எஸ்டேட் மேனேஜர் தொரை எங்கிட்டச் சொல்லி அனுப்புனது வேற இருந்துச்சும்மா. அத அவுககிட்ட நான் சொல்லல. சனிக்கெழம கம்பெனி பெரிய ஆளுக வாராகளாம், குடும்பத்தோட ஏரியில போட்டுல போவாகளாம். அந்த நேரத்துல பொணம் மெதந்து வந்து நின்னா மானம் போயிரும், வெள்ளிக்கெழம காலையில ஆள் தண்ணிக்குள்ள எறங்கியிருக்கணும், இல்லன்னா நீ லயத்து வீட்டக் காலி பண்ணிட்டு ஊரு பாக்கப் போயிருன்னு தொரை சொல்லிட்டாரு. நான் உங்க வாசல்ல வந்து நின்னது வியாழக்கெழம.

— சரி. அவரு வர்றேன்னாரு. அப்பறம்?

— இன்னைக்கே பொறப்படலாம், நீ ஓட்டு, எனக்கு அசதியா இருக்குதுன்னாக. சாமானத் தூக்கப் போனேன். கைய நீட்டுன்னாக. லாரிக்காரன் கை, கிரீஸ் இருந்துச்சு. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா, எண்ணெப் பசையோட இதத் தொடக்கூடாதுன்னாக. கழுவிட்டு வந்தேன். பின் சீட்ட முன்னமே கழட்டி வெச்சிருந்தாக. காலிச் சிலிண்டர் நாலையும் பாறைக்குழி ஆளுககிட்டயே விட்டுட்டு, நெறஞ்சது ரெண்ட மட்டும் எடுத்துக்கிட்டோம். நான் நீளவாக்குல வெக்கப் போனேன். அப்பிடி வெக்காத, பிரேக் போட்டா முன்னால பாஞ்சு வந்து நம்ம ரெண்டு பேரு இடுப்பையும் ஒடைக்கும்னு சொல்லி, குறுக்கால படுக்க வெச்சாக. அடியில ஒரு தேங்காநார் மெத்தை. ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல அந்த ரப்பர் சட்டையச் சுருட்டி வெச்சாக. திருகுற வாய்க்கு மட்டும் துணி சுத்தி, அதுக்கு மேல ஒரு மரச்சட்டத்த அண்டக் குடுத்து, கயித்தக் கதவுப் புடியில கட்டுனாக. கட்டுனது அவுகதான். ஆட்டிப் பாருன்னாக. ஆட்டிப் பாத்தேன். கல்லு மாதிரி நின்னுச்சு.

— இடுப்புல கட்டற ஈய பெல்ட்டு?

— முன் சீட்டுக்கு அடியில. உருளாம இருக்க ஒரு சாக்க மடிச்சு வெச்சாக. சிலிண்டர் மேல நனைச்ச கோணிய விரிச்சாக. பொள்ளாச்சியில ஒருக்கா, ஒடுமலப்பேட்டையில ஒருக்கா எறங்கித் தண்ணி ஊத்துனேன். வெயில் ஏறக்கூடாதுன்னு சொல்லியிருந்தாக. வாயில வெச்சுக் காத்து இழுக்குற சாமான் இருக்குல்ல, அத ஒரு பிஸ்கோத்து டின்னுல துணி போட்டு வெச்சு, வழி பூராவும் மடியிலயே வெச்சிருந்தாக. என்னையத் தொட விடல.

— அந்த டின்னு எங்கீங்க?

— இந்தா, முன் சீட்டுல. நீங்க எடுத்துக்கிடுங்க.

— இப்பத் தெறங்க கதவெ. கவுத்தெ நாம் அவுத்துக்கறேன். இந்த முடிச்சு அவரு போட்டதுதான். கோணியெ அக்கட்டப் போடுங்க... இதா பாருங்க, காத்து எத்தனெ இருக்குதுன்னு காட்டற இந்த முள்ளெப் பாருங்க. நூத்தம்பதுல நிக்குதா? இன்னொண்ணும் பாக்கலாம், இருங்க. இதும் அப்பிடியேதான். ரெண்டும் கழுத்து வரைக்கும் நெறஞ்சு கெடக்குது. ஒரு மூச்சுக் காத்துக்கூடப் போகலீங்க.

— அப்ப நான் அடுக்குனதுல...

— உங்க அடுக்குல ஒரு கொறையுமில்லெ. அவரு சொன்ன மாதிரியேதான் வெச்சிருக்கறீங்க.

— இந்த வார்த்தைய உங்க வாயால கேக்கணும்னுதாம்மா வண்டிய நானே கொண்டாறேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

— அப்பறம் எப்பிடிங்க? முப்பத்தேழு வயசு. பீடி சிகரெட்டு கெடையாது. மாரடைப்புன்னா நாம் நம்பலெ. வண்டியில ஏறுனதுல இருந்து சொல்லுங்க. எந்த நேரத்துக்கு எங்க இருந்தீங்கன்னு சொல்லுங்க.

— பதினொண்ணரைக்குப் பொறப்பட்டோம். பொள்ளாச்சி வரைக்கும் தூங்கிட்டு வந்தாக. அப்பறம் முழிச்சுக்கிட்டு நல்லாப் பேசுனாக. பேச்செல்லாம் உங்க பாப்பாளப் பத்தித்தான். முன் பல்லு ரெண்டும் விழுந்துருச்சு, சிரிக்கச் சொன்னாக் கையால வாயப் பொத்திக்கிடுதா, கெணத்துல நீச்சப் பழக்கலாம்னா நீங்க விட மாட்டேங்கீகன்னு சொல்லிச் சிரிச்சாக. ஒடுமலப்பேட்டையில ஒண்ணரைக்குச் சாப்பிட்டோம். நல்லாத்தான் சாப்பிட்டாக. சின்னார் செக்போஸ்ட்டுக்கு ரெண்டே முக்கால். அங்ஙன செத்த நேரம் நின்னோம். அப்பறம் மேல ஏறுனோம்.

— ஏறுனீங்க.

— ஆமாம்மா. மறையூர் போகுததுக்கு முன்னாலயே எடது கைய நீட்டி நீட்டி மடக்குனாக. என்னய்யான்னு கேட்டேன். மொழங்கையில குத்துது, ஒண்ணுமில்லன்னாக. அப்பறம் தோளப் புடிச்சுக்கிட்டாக. ஒடம்பெல்லாம் அரிக்குதுன்னு சட்டைக்குள்ள கைய விட்டுச் சொறிஞ்சாக. பாத்தேன், நெஞ்சுல செவப்புச் செவப்பாத் திட்டு.

— மொழங்கையா? மொதல்ல மொழங்கையிலதான் வந்துதா? நல்லா நெனச்சுச் சொல்லுங்க.

— மொழங்கைதாம்மா. மறையூர் தாண்டுனதும் வேர்த்துக் கொட்டுச்சு. மலைக்காத்து சில்லுன்னு அடிக்குது, இவுக தொப்பலா நனைஞ்சு போனாக. கண்ணாடியத் தொறந்து விட்டேன். கால ஆட்டிப் பாத்துட்டு, கால் இருக்குததே தெரியல அழகுமலைன்னு சொன்னாக. எனக்கு உசுரே போச்சு. இன்னும் ஒரு மணி நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்கய்யா, மேல எஸ்டேட் ஆசுபத்திரிக்குப் போயிரலாம்னு மிதிச்சேன். அப்ப அவுகளால பேச முடியல. மூச்சு வாங்குது. ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா இருமல். கையக் காமிச்சு, கீழ, கீழன்னாக.

— என்ன சொன்னாரு?

— கீழன்னாக. மூணு நாலு தரம் சொன்னாக. படுக்கணும்னு கேக்காகன்னு நெனச்சு வண்டிய ஓரங்கட்டி நிறுத்துனேன். ரெண்டு கையிலயும் தூக்கிக் கொண்டுபோயி, பின்னால சிலிண்டர் பக்கத்துல மெத்தையில படுக்க வெச்சேன். என் சட்டைய மடிச்சுத் தலைக்கு வெச்சேன். அப்பவும் என் கையப் புடிச்சுக்கிட்டுத் தலைய இல்ல இல்லன்னு ஆட்டுனாக. பயப்படுதாகன்னு நெனச்சேன். பயப்படாதீகய்யா, வந்துட்டோம்னு சொல்லிட்டு எவ்வளவு வெரசா ஓட்ட முடியுமோ அவ்வளவு வெரசா மேல ஓட்டுனேன். பின்னால மூச்சு ரம்பம் இழுக்குத மாதிரி கேட்டுக்கிட்டே வந்துச்சு. ஒரு வளைவுல திரும்புறப்பத்தான் கவனிச்சேன், அது கேக்கல.

— கீழன்னா... கீழன்னா சொன்னாரு?

— அம்மா, இப்பிடி உக்காருங்க. வண்டி மேலயே சாஞ்சுக்கிடுங்க. உள்ள யாரையாச்சும் கூப்பிடட்டுமா?

— வேண்டாங்க. ஆரும் வேண்டாம். அவரு படுக்கறதுக்குக் கேக்கலீங்க. வண்டியெத் திருப்பிக் கீழ எறக்கச் சொல்லியிருக்கறாரு.

— கீழயா? கீழ எதுக்கும்மா? ஆசுபத்திரி மேலல்ல இருக்கு.

— சோடா பாட்டல் பாத்திருப்பீங்க. குண்டெ அமுக்கற வரைக்கும் உள்ள தண்ணி மட்டும்தான் இருக்கற மாதிரி தெரியும். அமுக்குனதும் பொசுபொசுன்னு நொரெ கெளம்புதல்லங்க? தொண்ணூறு அடியில கெடந்தா அந்த மாதிரித்தான், இழுக்கற காத்து ரத்தத்துக்குள்ள அமுங்கிப் போயி நிக்கும். ரெண்டு நாளா மாத்தி மாத்தி எறங்கியிருக்கறாரு. கரைக்கு வந்தாலும் அது ஒடனே போகாது. ஒரு நாள் முழுசாக் கீழயே இருந்து மெதுவா மூச்சு உட்டு உட்டுத்தான் போகோணும். அதுக்குள்ள மலெ ஏறுனா, மேல காத்தே லேசு, சோடாவெத் தெறந்த மாதிரிதான். ரத்தமெல்லாம் நொரெ. மொதல்ல மூட்டுல குத்தும். அப்பறம் காலு போகும். அப்பறம் நெஞ்சு. அப்பிடி வந்துட்டா, கீழ எறங்க எறங்கக் கொஞ்சம் அடங்குமுங்க.

— அப்ப நான் மேல ஓட்ட ஓட்ட...

— ஆமாங்க.

— நான் கொன்னுபோட்டேன். திருப்புன்னு சொன்ன மனுசனத் தூக்கிப் படுக்க வெச்சுட்டு மேல ஏத்திட்டுப் போனேன்.

— உங்களுக்கெப்பிடித் தெரியும்? இதெல்லாம் ஊர்ல ஆருக்குத் தெரியும்? ஆசுபத்திரிக்காரங்களுக்கே தெரியலெ. எனக்குத் தெரியும்னா, அது அவரு சொல்லிக் குடுத்தது. ஒருக்கா ஆழியார் பக்கம் கெணத்துல மோட்டார் எடுத்துட்டு, அங்கிருந்து வால்பாறைக்கு அவரு சேக்காளி ஊட்டுக் கலியாணத்துக்குப் போகோணும். நாம் பட்டுச் சீலையெல்லாம் கட்டிட்டு நிக்கறேன். இன்னிக்கு மலெ ஏறக் கூடாதுன்னு ஒரே பேச்சுத்தான். கலியாணமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு ஊட்டுக்கே திரும்பி வந்தோம். ரெண்டு நாளு நாம் அவருகூடப் பேசலெ. அப்பத்தான் சோடா வாங்கியாந்து பாப்பாளெ மடியில வெச்சுக்கிட்டு, ஒடெச்சுக் காமிச்சுச் சொன்னாரு. அத்தனெ கண்டிசனா இருக்கற மனுசரு எப்பிடீங்க ஏறுனாரு? அதுதான் எனக்கு வெளங்கலெ. நாளும் பொழுதும் தெரிஞ்ச மனுசரு. எப்பிடி ஏறுவாரு?

— அம்மா.

— சொல்லுங்க.

— சின்னார்ல செத்த நேரம் நின்னோம்னு சொன்னேன்ல. செத்த நேரம் இல்ல. ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட நின்னோம்.

— எதுக்கு?

— செக்போஸ்ட்டுல சாமானத் தொறந்து காட்டிட்டு வந்து, அவுக வண்டியில ஏறல. ரோட்டோரத்துல ஒரு கல்லுல உக்காந்துக்கிட்டாக. இன்னைக்கு இங்ஙன தங்கிக்கிடலாம் அழகுமலை, நாளைக்கு மத்தியானத்துக்கு மேல ஏறுவோம், சனிக்கெழம காலையில நான் எறங்கி எடுத்துக் குடுத்துருதேன்னு சொன்னாக. ஏன்னு கேட்டேன். ஒடம்புக்குள்ள காத்து நிக்குது, இப்ப ஏறக்கூடாதுன்னாக. எனக்கு அது வெளங்கல. அசதிக்குச் சொல்லுதாகன்னு நெனச்சேன்.

— இதெ நீங்க இத்தனெ நேரம் எங்கிட்டச் சொல்லலெ.

— சொல்லல.

— முள்ளெப் பாத்துக் கொறையில்லேன்னு நாஞ் சொன்னப்பவும் சும்மா இருந்தீங்க. தங்கலாம்னு அவரு சொல்லியிருக்கறாரு. நாளைக்கு ஏறலாம்னு சொல்லியிருக்கறாரு. அப்பறம் ஏறுனது எப்பிடி? ஆரு ஏத்துனது?

— நாந்தாம்மா. கையெடுத்துக் கும்பிட்டேன். இன்னைக்கே போயாகணும்யான்னேன். அவுக அசையல. நான் வந்து உன் தொரைகிட்டப் பேசிக்கிடுதேன், செத்த புள்ளைக்கு ஒரு நாள்ல என்ன ஆயிரப் போகுதுன்னாக.

— சரியாத்தான் கேட்டிருக்கறாரு. செத்துப் போன புள்ளெக்கு ஒரு நாளு முன்னெப் பின்னெ ஆனா என்னுங்க? அதுக்காக உசுரோட இருக்கற மனுசரெ மலெ மேல ஏத்துவாங்களா? உங்க தொரை போட்டுல போறதுக்கு எங்கூட்டுக்காரரா கெடச்சாரு?

— அப்பத்தாம்மா சொன்னேன். அந்தப் புள்ள எம் பொண்ணுன்னு.

— என்னது?

— எம் பொண்ணுன்னு சொன்னேன். நாலு நாளா எம் பொண்ணு தண்ணிக்குள்ள கெடக்கா, அவ ஆத்தா கரைய விட்டு எந்திரிக்கல, இன்னைக்கு ராத்திரியும் அவள அங்ஙன விட்டுட்டு நான் எப்பிடிய்யா இங்ஙன படுத்து ஒறங்குவேன்னு சொல்லிக் கால்ல விழுந்தேன். அவுக என்னையப் பாத்துக்கிட்டே இருந்தாக. அப்பறம் எந்திரிச்சு வண்டியில ஏறிக்கிட்டு, எடு, மெதுவாப் போன்னு மட்டும் சொன்னாக. அம்மா, திட்டுங்க. மண்ண வாரித் தூத்துங்க. இப்பிடி என்னையப் பாக்காதீக.

— அன்னிக்கு எங்கிட்ட வழி கேக்கும்போதுகூட நீங்க சொல்லலியே. எஸ்டேட்டுல ஒரு புள்ளென்னுதானே சொன்னீங்க.

— சொல்லலம்மா.

— வாயில வராதுங்க. எனக்கும் இந்தப் பத்து நாளா எங்கூட்டுக்காரரு செத்துட்டாருன்னு ஆருகிட்டயும் சொல்ல வாய் வரலெ. ஊருக்குப் போயிருக்கறாருன்னுதான் பால்காரம்மாகிட்டக்கூடச் சொன்னேன். உக்காருங்கண்ணா. அந்தக் கல்லு சுடுதா? இப்பிடி நெழல்ல வாங்க.

— என்னைய அண்ணான்னு கூப்பிடாதீகம்மா.

— நாம் பேசுனதெ மனசுல வெச்சுக்காதீங்க. செத்த புள்ளெக்கு என்ன ஆயிருமுன்னு கேட்டுட்டேன். பெத்தவருகிட்டக் கேக்கற பேச்சா அது? எம் பாப்பா அந்தத் தண்ணிக்குள்ள கெடந்தா, நாஞ் சின்னார்ல நிக்க மாட்டேன். ஆரு கால்லயும் உளுவேன். எவன் செத்தா எனக்கென்னன்னுதான் இழுத்துட்டுப் போவேன். அவரும் அதெத்தான் நெனச்சிருப்பாரு. வழியெல்லாம் பாப்பாளெப் பத்திப் பேசீட்டு வந்தாருன்னு சொன்னீங்களே. உங்க மூஞ்சியில அவரு பாத்தது உங்களெ இல்லீங்க. தன்னெயே பாத்திருக்கறாரு.

— போதும்மா.

— புள்ளெ பேரென்னுங்க?

— குருவம்மா.

— கெடச்சுதுங்களா அப்பறம்?

— மறுநாக் காலையில தானா மெதந்து வந்துட்டா. வெள்ளிக்கெழம எட்டு மணிக்கு. மாட்டுக்குப் புல்லறுக்கப் போன பொம்பளைகதான் பாத்தாக. யாரும் எறங்கல.

— ஆரும் எறங்கவே இல்லீங்களா?

— இல்லம்மா. அதுவே கரையோரம் வந்து நின்னுச்சு.

— அவரு சின்னார்ல படுத்து எந்திரிச்சுப் பல்லு வெளக்கற நேரம். ஒரு ராத்திரிதான். உம். அது உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்? ஆருக்குத் தெரியும்? மூஞ்சியாச்சும் பாத்தீங்களா?

— பாத்தேன்.

— அது போதுங்க. பாத்து மண்ணுல வெச்சீங்கல்ல. நானும் பாத்துட்டேன். நெஞ்சுல அந்தச் செவப்புத் திட்டெ நானும் பாத்தேன், குளிப்பாட்டும்போது. என்னன்னு ஆருகிட்டயும் கேக்கலெ. எனக்கு உள்ளுக்குள்ள அப்பவே தெரிஞ்சிருக்கோணும். தண்ணிக்குள்ள எறங்குன அன்னிக்கே அவரு மலெ ஏற மாட்டாருன்னு அத்தனெ நம்பிக்கெ, அதனால அந்தப் பக்கம் மனசு போகவே இல்லெ. இப்ப வெளங்கிருச்சு. ஏன் ஏறுனாருன்னும் வெளங்கிருச்சு. எப்பிடிச் செத்தாருங்கற அந்த ஒண்ணெத்தான் ராத்திரியெல்லாம் ஒடெச்சு ஒடெச்சுப் பாத்துட்டு இருந்தேன். ஏமாந்து சாகலெ, தெரியாமச் சாகலெ. ஒரு புள்ளெயெப் பெத்தவனுக்கு எரங்கிப் போயிருக்கறாரு. பாப்பா பெருசானாச் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணு இருக்குது.

— அப்பிடிச் சொல்லிராதீக.

— ஏன் அழுவறீங்க? நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலெ. மச்சாண்டாரு கேட்டா நாஞ் சொல்லிக்கறேன். சாப்பிட்டீங்களா? காலையில எத்தன மணிக்குப் பொறப்பட்டீங்க? உள்ளெ சோறு இருக்குது, இருங்க, எலெ போடச் சொல்றேன். சாமானத்தெ அப்பறமா எறக்கிக்கலாம்.

— எனக்கு வேண்டாம்மா. சாவிய வாங்கிக்கிடுங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன்.

— இந்த வெயில்ல எங்க போவீங்க? நாஞ் சொல்றதெக் கேளுங்க. இங்க காரியமெல்லாம் முடிஞ்சொடனே நானும் பாப்பாளும் மேல வர்றோம். உங்க ஊட்டுக்காரம்மாளெப் பாக்கோணும். ஒரே கெழமையில அவியளும் எழந்திருக்கறாங்க, நானும் எழந்திருக்கறேன். இங்க வர்றவிங்க எல்லாரும் சமாதானம் சொல்லிச் சொல்லி எனக்கு வெறுத்துப் போச்சு. அவிங்க பக்கத்துல சித்த நேரம் சும்மா உக்காந்துட்டு வந்தாப் போதும் எனக்கு. எந்த லயம்னு மட்டும் சொல்லுங்க.

— வராதீகம்மா.

— ஏனுங்க? அவிங்களுக்கு எம்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?

— அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் புள்ள பக்கத்து லயத்து மூக்கம்மா மக. எனக்குப் பொம்பளப் புள்ளையே கெடையாதும்மா.